ஓரம் அடிக்காத பூப்போர்வை

அன்புள்ள அம்மணிக்கு,

மாமன் எழுதிக்கொள்வது. பெங்களூரில் குளிர் தொடங்கியிருக்கும். காதை மூடிக்கொண்டு போ என்றால் கேட்கமாட்டாய், ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

சேதிக்கு வருகிறேன். உங்கம்மா பரணை ஒழித்தபோது உன் பூப்போர்வை அகப்பட்டதாம். பழைய தலையணை உறைக்குள் சுருட்டித் திணித்திருந்தாயாமே. “இந்தக் கழுதை எதைத்தான் முடிச்சிருக்கு” என்று என்னிடம் கொடுத்தனுப்பினாள். கட்டிலில் விரித்துப் போட்டுப் பார்த்தேன். தையல் பிரமாதம், கண்ணு. முகத்துக்காகச் சொல்லவில்லை. ஆயுசெல்லாம் கட்டிங் டேபிளில் நின்றவன், துணி விஷயத்தில் எனக்குப் பொய் சொல்ல வராது.

நீ லீவுக்கு வரும்போதெல்லாம் திருப்பூரிலிருந்து நான் அள்ளிவந்த துண்டுகள் எல்லாம் அதில் இருக்கின்றன. ஊதா ஜெர்சி கைக்குழித் துண்டு, கழுத்து வெட்டும்போது பிறை மாதிரி விழுகிற சிவப்புத் துண்டு, கோடு போட்ட ரிப். நடுநடுவே உங்க ஆத்தாவின் சுங்குடிப் புடவை, உங்கப்பாவின் லுங்கி. நடுவில் ஒரு அறுகோணம், சுற்றி ஆறு. ஐந்து வைத்தால் இடுக்கு விழும், ஏழுக்கு இடமில்லை. தேனீ கட்டுகிற கணக்கு அது. அமெரிக்காவில் 1930-களில் வேலையும் காசும் இல்லாத காலத்தில் இதே பூவை ‘பாட்டியின் பூந்தோட்டம்’ என்று பேர் வைத்து வீட்டுக்கு வீடு தைத்தார்கள். அவ்வளவு தூரம் போவானேன், வட கர்நாடகத்தில் பழம்புடவைகளை அடுக்கி, கையால் ஓட்டுத்தையல் போட்டு ‘கவுதி’ தைக்கிறார்கள். உன் ஆபீஸில் தார்வாட் பக்கத்துப் பிள்ளை யாராவது இருந்தால் கேட்டுப் பார், அவங்க வீட்டில் ஒன்றாவது இருக்கும்.

அறுகோணம் மடிக்க உள்ளே வைக்கிற அட்டைக்குக் கல்யாணப் பத்திரிகைகளை வெட்டியிருக்கிறாய். ஆறு பக்கமும் சேர்ந்த துண்டுகளில் அட்டையை உருவிவிட்டாய், சரி. ஓரத்து வரிசையில் அப்படியே கிடக்கிறது. கை வைத்தால் சரசரக்கிறது. ஒன்றை உருவிப் பார்த்தேன், ‘சுற்றமும் நட்பும்’ வரைக்கும் இருக்கிறது, மீதி வேறு ஏதோ பூவில் இருக்கும். ஒறம்பரை வீட்டுக் கல்யாணமெல்லாம் உன் போர்வைக்குள் நடக்கிறது. உன் கல்யாணப் பேச்சை எடுத்தால்தான் ‘சிக்னல் இல்லை மாமா’ என்கிறாய்.

எங்கே நிறுத்தினாய் என்று பார்த்தேன். பூ அத்தனையும் தைத்து ஒன்றோடொன்று சேர்த்தாயிற்று. அடித்துணி இல்லை. நடுத்துணி இல்லை. ஓரம் அடிக்கவில்லை. கலர் பார்த்துக் கலர் சேர்க்கிற வரைக்கும் குஷி, குஷி தீர்ந்த இடத்தில் எழுந்துவிட்டாய். எனக்கு உன்னைப் பற்றிக் கவலை என்றால் அது இந்த ஒரு விஷயத்தில்தான். ஹிந்திப் பரீட்சை மத்யமாவோடு நின்றது. எல்.எல்.ஆர். எடுத்தாய், வண்டியும் நன்றாகத்தான் ஓட்டினாய், லைசென்ஸுக்கு எட்டுப் போடப் போகாமலே ஆறு மாசம் ஓடி அதுவும் காலாவதி. கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு வருகிற வியாதி இது. பாதியிலேயே முழுசும் புரிந்துபோகிறது, மீதியைச் செய்ய அலுப்பாக இருக்கிறது.

கம்பெனியில் ஒரு டி-சர்ட் தைத்து முடிந்ததும் சரக்காகிவிடாது. பிசிறு வெட்டவேண்டும், செக்கிங் பார்க்கவேண்டும், அயர்ன் போட்டு மடிக்கவேண்டும். பிசிறு வெட்டுகிற பெண்களைப் பார்த்திருக்கிறாயே, கையில் சின்னக் கட்டர், பீஸைப் புரட்டிப் புரட்டி ஒவ்வொரு நூல் நுனியாக நறுக்குவார்கள். நாங்கள் எவ்வளவு நேர்த்தியாக வெட்டியிருந்தாலும் சரி, சட்டைக் கையில் நூல் தொங்கினால் பீஸ் திரும்பி வந்துவிடும். யாரும் பேர் சொல்லாத வேலை அது. அது முடியாமல் லாரி கிளம்பாது.

இன்னொன்று. நூறு கிலோ துணி டேபிளுக்கு வந்தால் பத்துப் பதினைந்து கிலோ பனியன் வேஸ்டாகப் போகும். அதைக்கூட யாரும் வீசுவதில்லை. கலர் கலராகப் பிரித்து ஓ.இ. நூல் மில்லுக்கு அனுப்புவார்கள், அங்கே பிய்த்துப் பஞ்சாக்கி மறுபடி நூலாக ஓட்டுவார்கள். கறுப்பு வேஸ்டில் கறுப்பு நூலே வரும், திரும்பச் சாயம் ஏற்ற வேண்டியதில்லை. சாயத்துக்கு எவ்வளவு தண்ணீர் போகும் என்று நொய்யல் ஆற்றுக் கரைக்காரர்களிடம் கேட்கவேண்டும். பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் தேங்கி, கீழே காடுதோட்டமெல்லாம் கெட்டது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி ஐகோர்ட் உத்தரவு வந்தபோது திருப்பூரே திகைத்துப்போனது. விவசாயி பக்கத்து நியாயம் எனக்குத் தெரியும், பட்டறைக்காரன் வயிறும் தெரியும். உன் போர்வையில் இருக்கிற ஊதாவும் சிவப்பும் அந்தத் தண்ணீரைக் குடித்து வந்தவை. அதைப் பரண் எலிக்குக் கொடுக்க எனக்கு மனசில்லை.

இனி வேலையைக் கேள். அடித்துணிக்குச் சோமனூர்க் காடாத் துணி எடுத்துவைத்திருக்கிறேன். தறிக்குப் போகுமுன் பாவுநூலுக்குக் கஞ்சி ஏற்றியிருப்பார்கள், அதனால் ஒரு ராத்திரி ஊறப்போட்டு நன்றாக அலசு. சுருங்குவது இப்போதே சுருங்கட்டும். நடுவில் பஞ்சு வேண்டாம், நாலு துவைப்பில் ஒரு மூலைக்குத் திரண்டுவிடும். பழைய சென்னிமலைப் போர்வை ஒன்று இருக்கிறது, துவைத்துத் துவைத்துப் பூவாய்ப் போனது, அதை வைத்துக்கொள். மூன்றையும் தரையில் விரித்து, நடுவில் ஆரம்பித்து ஓரத்துக்குப் போகிற மாதிரி பெரிய ஓட்டுத்தையலாகப் பிடித்துக்கொள். ஓரத்தில் ஆரம்பித்தால் நடுவில் உப்பிக்கொண்டு நிற்கும். ஜெர்சித் துண்டை இழுக்காதே. லுங்கித் துணி நெய்தது, நின்ற இடத்தில் நிற்கும். ஜெர்சி பின்னல், இழுத்த பக்கம் போகும். அதற்கு முனை மழுங்கின ஊசி வேண்டும், கூர் ஊசி நூலை அறுத்துவிட்டால் நாளைக்கு ஓட்டையாய் ஓடும். ஒரு பாக்கெட் வைத்து அனுப்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து முடிக்கிறேன் என்று கிளம்பாதே, நீ எந்த ஞாயிற்றுக்கிழமை எழுந்திருக்கிறாய்? ராத்திரி தட்டைக் கழுவிவைத்த கையோடு ஒரு பூவைச் சுற்றித் தை, முடிச்சுப் போடு, எழுந்துவிடு. ஊசியைப் படுக்கையில் குத்திவைக்காதே, இதை உனக்கு எட்டு வயசிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். நூலைப் பல்லில் கடிக்காதே.

மிஷினில் போட்டால் நானே ஒரு பொழுதில் முடித்துவிடுவேன். உங்கம்மாவும் அதைத்தான் சொன்னாள். முடித்துத் தரமாட்டேன். சீர் செய்யத்தான் மாமன், உன் தையலைத் தைக்க இல்லை.

நாளைக்குப் பஸ் பார்சலில் எல்லாம் வருகிறது. ஓரம் பல்லுப்பல்லாக நிற்கிறது பார், அட்டையை உருவிவிட்டு, அடித்துணியோடு தைத்தபின் ஸ்கேல் வைத்து நேராக வெட்டு. பாதிப் பூ போகிறதே என்று இருக்கும், போகட்டும். நான் அளந்தபோது 60-க்கு 90 அங்குலம் இருந்தது, சுற்றிவர 300 ஆகிறது. வெட்டியபின் குறையும். நாலு பக்கமும் திரும்ப அளந்து எனக்கு எழுது, மூலை மடிக்க ஒரு பன்னிரண்டு அங்குலம் சேர்த்து ஓரப்பட்டி வெட்டி அனுப்புகிறேன். என்ன கலர் என்றும் சொல். வெள்ளை கேட்காதே, ஒரே மாசத்தில் அழுக்காகும். பொங்கலுக்கு வரும்போது போர்வை உன் பெட்டியில் இருக்கவேண்டும், அம்மணி.

இப்படிக்கு,
மாமன்