சொட்டு மருந்தோடு குடித்தனம்

கிளாகோமாவுக்குப் போடும் சொட்டு மருந்தால் பார்வை தெளியாது. இதை முதல் நாளே உரக்கச் சொல்லிவிட்டால் நிறையப் பேர் பாதியில் நிறுத்த மாட்டார்கள் என்பது என் எண்ணம். கண் ஆஸ்பத்திரி பெஞ்சில் பக்கத்தில் இருப்பவரிடம் பேச்சுக் கொடுத்தால், பெரும்பாலும் ஒரே கதைதான் வரும்: “ரெண்டு பாட்டில் ஊத்திப் பாத்தேன் சார், ஒரு மாத்தமும் இல்ல. கண்ணு செவந்ததுதான் மிச்சம், விட்டுட்டேன்.” மாற்றமே இல்லாமல் இருப்பதற்காகத்தான் அந்த மருந்து. போன பார்வை எதனாலும் திரும்பாது. மருந்து, லேசர், ஆபரேஷன் எல்லாமே மிச்சமிருப்பதைக் காப்பாற்றத்தான்.

எனக்கு இந்த நோய் கண்ணாடி மாற்றப் போன இடத்தில் பிடிபட்டது. வலி, உறுத்தல் எதுவும் இல்லை. கண்ணுக்குள் தெளிந்த நீர் ஒன்று ஓயாமல் ஊறி, ஓரத்திலுள்ள நுண்ணிய வழியாக வடிகிறது. வடிவது மந்தப்பட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, மூளைக்குப் போகும் பார்வை நரம்பு இழை இழையாகப் பட்டுப்போகிறது. வழக்கமான அழுத்தம் 10 முதல் 21 மி.மீ. வரை. ரத்த அழுத்தத்துக்கும் இதற்கும் முடிச்சுப் போட வேண்டாம், பி.பி. சரியாக இருப்பவருக்கும் கண் அழுத்தம் கூடும். இன்னொன்று, 21க்குள் இருந்தும் நரம்பு கெடுபவர்கள் உண்டு. அதனால் அழுத்தத்தை மட்டும் பார்த்து ‘நார்மல்’ என்று அனுப்பினால் திருப்திப்பட்டு வந்துவிடாதீர்கள். நரம்பையும் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

முதலில் ஓரப் பார்வைதான் போகிறது. விட்டுப்போன இடத்தை மூளை தானே இட்டு நிரப்பிக்கொள்வதால், கருப்புத் திட்டு எதுவும் தெரியாது. பேப்பர் படிக்கலாம், ஊசியில் நூல் கோக்கலாம். அரவிந்த் கண் மருத்துவமனை தென் தமிழ்நாட்டுக் கிராமங்களில் 40 வயதைத் தாண்டியவர்களிடம் நடத்திய ஆய்வு 2003இல் வெளியானது. 100க்கு 2.6 பேருக்குக் கிளாகோமா இருந்தது. அதில் பரவலாகக் காணப்படும் வகை இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல், தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாமல் இருந்திருக்கிறார்கள்.

பரிசோதனைகளில் பலரும் பயப்படுவது ஃபீல்டு டெஸ்டுக்கு. ஒரு கண்ணை மூடி, தாடையைத் தாங்கியில் வைத்து, நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். எங்காவது ஒளி மின்னினால் பட்டனை அழுத்த வேண்டும். கொஞ்ச நேரத்தில் ‘இப்போ வந்துச்சா, பிரமையா?’ என்று குழம்பி, வியர்த்துவிடும். அந்த மெஷின் வேண்டுமென்றே ஒளியை மங்கலாக்கிக்கொண்டே போய், நமக்கு எது வரை தெரிகிறது என்று பார்க்கிறது. நல்ல கண்ணுக்கே ஏறக்குறைய பாதி ஒளி தெரியாது. இதைச் சொல்லாமல் நோயாளியை உட்காரவைப்பது எனக்கு உடன்பாடில்லை. பசியோடும் தூக்கக் கலக்கத்தோடும் போகாதீர்கள். கண் காய்ந்தால் தாராளமாகச் சிமிட்டலாம். முதல் தடவை ரிப்போர்ட் மோசமாக வருவது சகஜம், பழகினால்தான் சரியாக வரும். பழைய ரிப்போர்ட் ஒன்றையும் தூக்கிப் போட வேண்டாம். நோய் நகர்கிறதா, நிற்கிறதா என்பதைப் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துத்தான் டாக்டர் சொல்ல முடியும்.

மருந்து ஊற்றுவதற்கும் ஒரு கைப்பக்குவம் வேண்டும். அண்ணாந்து, கீழ் இமையை இழுத்தால் சின்னப் பள்ளம் விழும். அதில் ஒரு சொட்டு போதும். அதற்கு மேல் கண் கொள்ளாது, கன்னத்தில் வழிந்து மாதம் முடியுமுன் பாட்டில் காலியாகும். ஊற்றியதும் கண்ணை மூடி, மூக்கோரம் இருக்கும் கண் முனையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திக்கொள்ளுங்கள். அழுத்தாவிட்டால் மருந்து கண்ணீர்க் குழாய் வழியே மூக்குக்கும் தொண்டைக்கும் இறங்கி ரத்தத்தில் கலக்கும். தொண்டையில் கசப்புத் தட்டினால் இறங்கிவிட்டது என்று அர்த்தம். டிமோலால் மருந்தில் இது விளையாட்டில்லை. ஆஸ்துமாக்காரருக்கு இழுப்பு வரலாம், நாடித்துடிப்பு குறையலாம். அந்தத் தொந்தரவு இருப்பவர்கள் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இரண்டு மருந்து என்றால் நடுவில் ஐந்து நிமிடமாவது விடுங்கள். பாட்டிலைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதிவைப்பது என் வழக்கம். பெரும்பாலான மருந்துகளை ஒரு மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது.

எனக்குக் கோபம் வருவது மருந்துக் கடை விஷயத்தில். கண் அரிக்கிறது என்று போனால் சில கடைகளில் சீட்டு கேட்காமலே ஸ்டீராய்டு சொட்டு மருந்தை எடுத்து நீட்டுகிறார்கள். சிவப்பு உடனே போய்விடும். அந்த நிம்மதியில் மாதக்கணக்கில் ஊற்றி, அழுத்தம் ஏறி நரம்பு கெட்டவர்கள் இருக்கிறார்கள், குழந்தைகள் உட்பட. யோகா செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: சிரசாசனத்தில் கண் அழுத்தம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், கிளாகோமா உள்ளவர்கள் அதை விட்டுவிடலாம். விடிந்ததும் ஒரே மூச்சில் ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்கும் பழக்கமும் வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். நடைப்பயிற்சிக்குத் தடையே இல்லை.

கூடப் பிறந்தவருக்கோ பெற்றவருக்கோ இருந்தால் நமக்கும் வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். என் அண்ணனைக் கூட்டிப்போவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. “எனக்குப் பருந்துக் கண்ணுடா” என்பார். பார்த்ததில் அவருக்கு வேறு வகை, நீர் வடியும் கோணமே குறுகல். இது திடீரென்று அடைத்துக்கொண்டால் கண்ணும் தலையும் தெறிக்கும், வாந்தி வரும், பல்பைச் சுற்றி வண்ண வளையம் தெரியும். பித்தம் என்று இஞ்சிச் சாறு குடித்துப் படுத்துவிடாமல் அன்றிரவே கண் டாக்டரிடம் ஓட வேண்டும். அண்ணனுக்கு அந்த நிலை வருவதற்கு முன்பே, கண்மணியைச் சுற்றியுள்ள பழுப்புத் திரையில் லேசரால் பொட்டுத் துளை போட்டுவிட்டார்கள். சில நிமிட வேலை, அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டார். அடுத்து அவர் மகளுக்குப் பார்க்க வேண்டும். “அவளுக்கு 38தானே ஆகுது, அதுக்குள்ள என்ன அவசரம்?” என்று இழுத்துக்கொண்டிருக்கிறார்.