கன்ப்ளா பெயின்டிங்: முதல்ல கை பழகட்டும், அப்புறம் கார்டை எடுக்கலாம்

நம்ம சேனல் வீடியோக்கள்ல எனக்குப் பின்னாடி ஷெல்ஃப்ல ஒரு வெள்ளை ரோபோ நிக்கும். "அது என்ன சார், எவ்வளவு ஆச்சு?"னு நிறைய பேர் கேட்டுட்டே இருக்கீங்க. இன்னிக்கு அதைப் பத்திதான். பெயின்ட் பண்றதையும் சொல்றேன், பணக்கணக்கையும் சொல்றேன். ரெண்டையும் பிரிச்சுப் பார்த்ததுலதான் நான் அடி வாங்கினேன்.

இது என்ன பொம்மை?

ஜப்பான்ல 1979-ல 'மொபைல் சூட் கண்டம்'னு ஒரு டிவி தொடர் வந்தது. அதுல வர்ற ரோபோக்களை 1980 ஜூலையில பண்டாய் கம்பெனி பிளாஸ்டிக் மாடலா விட்டாங்க. முதல் கிட்டோட விலை 300 யென். கண்டம், பிளாஸ்டிக் மாடல் ரெண்டையும் சேர்த்துதான் 'கன்ப்ளா'ன்னு பேர். இன்னிக்கும் இது ஷிசுவோகா நகரத்துல இருக்கற ஃபேக்டரியிலதான் முக்கியமா தயாராகுது.

பாகங்கள் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் சட்டத்துல ஒட்டிக்கிட்டு வரும். அந்தச் சட்டத்துக்கு ரன்னர்னு பேர். வெட்டி எடுத்து அமுக்கினா பொருந்திடும், பசை வேண்டாம். 1/144 அளவுல ஹெச்ஜி, 1/100 அளவுல எம்ஜி, 1/60 அளவுல பிஜினு கிரேடு ஏற ஏற பாகமும் கூடும், விலையும் கூடும்.

என் வீட்டு ஸ்டாக் ஆடிட்

வருஷாவருஷம் மார்ச் 31 அன்னிக்கு க்ளையன்ட்டோட குடோனுக்குப் போய் பெட்டி எண்றது என் வேலை. ஆனா என் வீட்டு அலமாரியை நான் ஒரு தடவை கூட எண்ணினதில்லை. ஒருநாள் என் மனைவி அலமாரியைத் திறந்துட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க: "உங்க க்ளையன்ட் இப்படி ஸ்டாக் வச்சிருந்தா ரிப்போர்ட்ல என்ன எழுதுவீங்க?"

எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 14 பெட்டி வாங்கியிருக்கேன், கட்டி முடிச்சது 5. பிரிக்காத 9 பெட்டியில 6 ஹெச்ஜி, 3 எம்ஜி. அதுக்கு மட்டும் 31,200 ரூபாய். ரெண்டே தடவை தொட்ட ஏர்பிரஷ் செட் 11,500. ஆக 42,700 ரூபாய் சும்மா தூங்கிட்டு இருந்தது. அதே வருஷம் "இந்த மாசம் டைட்"னு எங்க எமர்ஜென்சி ஃபண்டுக்குப் போட வேண்டிய பணத்தை நான் ரெண்டு மாசம் நிறுத்தியிருந்தேன். ஊருக்கெல்லாம் எமர்ஜென்சி ஃபண்டு பத்தி வீடியோ போடறவன்!

வாங்கும்போது வர்ற சந்தோஷத்தை, செய்யும்போது வர்ற சந்தோஷம்னு நான் தப்பா நினைச்சுக்கிட்டேன். பெட்டி வாங்க அஞ்சு நிமிஷம் போதும். ஒரு ஹெச்ஜியை ஒழுங்கா ஃபினிஷ் பண்ண, வார இறுதியில மட்டும் உட்கார்ந்தா, எனக்கு ரெண்டு மாசம் ஆகுது.

முதல் 3 கிட்: பெயின்டே வேண்டாம்

பிளாஸ்டிக்கே கலர்லதான் வரும். அதனால பெயின்ட் அடிக்காமலே அழகாக்க முடியும். நாலே வேலைதான்.

1. ரெண்டு வெட்டு. பாகத்துல இருந்து கொஞ்சம் தள்ளி முதல் வெட்டு, மிச்சத்தை ஒட்டி ரெண்டாவது வெட்டு. ஒரேயடியா ஒட்டி வெட்டினா பிளாஸ்டிக் இழுபட்டு வெள்ளைத் தழும்பு விழும்.
2. தேய்க்கிறது. வெட்டின இடத்தை 400, 600, 800, 1000னு வரிசையா உப்புத்தாள் போட்டுத் தேய்ங்க. நம்பரைத் தாண்டிப் போனா கீறல் நிக்கும்.
3. கோடு போடறது. உடம்புல இருக்கற சின்னச் சின்ன பள்ளக் கோடுகள்ல மெல்லிசான மார்க்கரை ஓட்டி, வெளியே வழிஞ்சதைத் துடைச்சிடுங்க. இதுக்குப் பேர் பேனல் லைனிங்.
4. மேட் டாப் கோட். பிளாஸ்டிக் பளபளப்பைக் கொல்ற ஸ்ப்ரே. 20, 30 செ.மீ. தள்ளி வச்சு, கையை நிறுத்தாம, மெல்லிசா மூணு நாலு தடவை. கண்ணாடி மாதிரி இருக்கற பாகங்களை முன்னாடியே கழட்டி வச்சிடுங்க, இல்லைன்னா மங்கிடும். மழை நாள்ல அடிக்காதீங்க. காத்துல ஈரம் இருந்தா பாகத்து மேல வெள்ளை பூத்துடும்.

நிப்பர், கத்தி, உப்புத்தாள், மார்க்கர், ஒரு ஸ்ப்ரே டப்பா. இதுதான் முழு முதலீடு. "காட்ஹேண்ட் நிப்பர் வாங்கலாமா?"னு கேப்பீங்க. நல்ல நிப்பர்தான். ஆனா அதோட மெல்லிசு பிளேடு கடைசி வெட்டுக்கு மட்டும்தான். கை பழகாம தடி ரன்னரை அதால வெட்டினா வாய் உடையும்.

பெயின்ட்டுக்குப் போகும்போது

வரிசையை மனப்பாடம் பண்ணிக்கோங்க: பாகங்களைச் சோப்புத் தண்ணியில கழுவு, ப்ரைமர், கலர், பளபளப்பு கோட், பேனல் லைன், ஸ்டிக்கர், கடைசியா மேட் கோட். நடுவுல ஏன் பளபளப்பு கோட்? வழவழப்பான பரப்புலதான் கோடு போடற திரவம் நல்லா ஓடும், ஸ்டிக்கரும் காத்துக்குமிழி இல்லாம ஒட்டும்.

பெயின்ட் மூணு வகை. லேக்கர் கெட்டியா பிடிக்கும், ஆனா வாடை கடுமை. எனாமல் மெதுவா காயும், கோடு போட அருமை. தண்ணி கலக்கற அக்ரிலிக்ல வாடை கம்மி. வாடகை வீட்டுல ஒரே ரூம்ல இருக்கறவங்க அக்ரிலிக்கும் பிரஷ்ஷும் வச்சு ஆரம்பிங்க. லேக்கர் அடிக்கணும்னா மொட்டை மாடி, கூடவே ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் போட்ட மாஸ்க். சாதாரண மாஸ்க் தூசியைத்தான் தடுக்கும், கெமிக்கல் ஆவியைத் தடுக்காது. பட்ஜெட்ல எதை வேணா குறைங்க, இதைக் குறைக்காதீங்க.

ஏர்பிரஷ்? 0.3 மி.மீ. நாசில், பால் பதத்துக்குக் கரைச்ச பெயின்ட், இதுல ஆரம்பிக்கலாம். ஆனா ஒவ்வொரு கலர் மாத்தும்போதும் கழுவணும். அடிக்கற நேரத்தை விடக் கழுவற நேரம் ஜாஸ்தி. அந்தப் பொறுமை இருக்கான்னு தெரியாம 11,500 போட்டவன் சொல்றேன், கேட்டுக்கோங்க.

நான் உடைச்ச கிட்

என் தம்பி அவனோட முதல் போனஸ்ல எனக்கு ஒரு எம்ஜி கிட் வாங்கிக் கொடுத்தான். டாக்ஸ் ஆடிட் சீசன், ராத்திரி பதினொரு மணி. சீக்கிரம் முடிச்சு அவனுக்கு ஃபோட்டோ அனுப்பணும்னு அவசரம். பளபளப்பு கோட் அடிக்காம, பாகங்களைக் கழட்டாம, வெறும் பிளாஸ்டிக் மேலேயே எனாமல் திரவத்தைத் தாராளமா ஊத்தினேன். காலையில பார்த்தா இடுப்பு மூட்டுல விரிசல்.

காரணம் ரொம்ப சிம்பிள். மாட்டின நிலையில மூட்டு ஏற்கெனவே இறுக்கத்துல இருக்கும். அந்த இடுக்குல தங்கற எனாமல் தின்னர் பிளாஸ்டிக்கைப் பலவீனமாக்கி உடைச்சிடும். ஏபிஎஸ் பிளாஸ்டிக்னா இன்னும் மோசம். எனக்கு இது தெரியாம இல்லை, படிச்சிருக்கேன். அவசரத்துல தாண்டிப் போனேன். 9 பெட்டி வரிசையில காத்திருந்ததும் ஒரு காரணம். கையில இருக்கறதை முடிச்சுட்டு அடுத்ததுக்குப் போகணும்னு மனசு ஓடுச்சு.

பிளாஸ்டிக் சிமென்ட் போட்டு ஒட்டினேன். இப்போ அதால தானா நிக்க முடியாது, ஸ்டாண்டுல மாட்டியிருக்கேன். வீடியோவுல நீங்க பார்க்கறது அதைத்தான்.

இப்போ நான் வச்சிருக்கற 4 ரூல்

ஒண்ணு: கைக்கு வர்ற சம்பளத்துல 3 சதவீதம் மட்டும் தனி அக்கவுன்ட்டுக்கு. 40,000 சம்பளம்னா 1,200. ரெண்டு மாசத்துக்கு 2,400, ஒரு ஹெச்ஜி வாங்கிடலாம். அதை முடிக்கவும் ரெண்டு மாசம்தான் ஆகுது. பணமும் கையும் ஒரே வேகத்துல போகும். எஸ்ஐபி, எமர்ஜென்சி ஃபண்டு போன பிறகுதான் இது. இஎம்ஐ கிடையவே கிடையாது.

ரெண்டு: ஒரு பெட்டி முடிஞ்சாத்தான் அடுத்த பெட்டி.

மூணு: இருக்கற டூலை வச்சு 3 கிட் முடிக்காம அடுத்த டூல் இல்லை.

நாலு: "ஜப்பான்ல பாதி விலை"னு குதிக்கறதுக்கு முன்னாடி முழுக் கணக்கு. கார்டுல 3.5 சதவீதம் ஃபாரெக்ஸ் மார்க்கப்னா, 10,000 ரூபாய்க்கு 350, அதுமேல 18 சதவீத ஜிஎஸ்டி 63, ஆக 413. அப்புறம் ஷிப்பிங், கஸ்டம்ஸ், கூரியர்காரங்க கட்டணம். பொம்மை மேல இறக்குமதி வரி 2020 பட்ஜெட்ல 20-ல இருந்து 60 சதவீதம் ஆச்சு, 2023-ல 70 ஆச்சு. வரி மாறிட்டே இருக்கும், ஆர்டர் போடற அன்னிக்குப் பாருங்க. ஸ்ப்ரே டப்பா தீப்பிடிக்கற சரக்கு, ஏர்மெயில்ல வராது. இங்கேயே வாங்குங்க.

இன்னொண்ணு. கை நல்லா பழகினதும் "எனக்கும் பெயின்ட் பண்ணித் தாங்க, காசு தர்றேன்"னு யாராவது கேப்பாங்க. தாராளமா பண்ணுங்க. ஆனா அது வருமானம், ரிட்டர்ன்ல காட்டணும். சம்பளக்காரங்க போடற ஐடிஆர்-1ல பிசினஸ் வருமானத்தைக் காட்ட முடியாது, ஃபார்ம் மாறும்.

அந்த 9 பெட்டியில 4-ஐ வாங்கின விலையை விடக் கம்மிக்கு வித்தேன். நஷ்டம்தான், ஆனா அந்தப் பணம் நேரா எமர்ஜென்சி ஃபண்டுக்குப் போச்சு. மிச்சம் 5-ல 2 முடிஞ்சது. இடுப்பு உடைஞ்ச கதையைத் தம்பிகிட்ட சொல்ல எனக்கு ஆறு மாசம் ஆச்சு. சிரிச்சுட்டு, "அடுத்ததை நான் வரும்போது பிரிண்ணா, சேர்ந்து பண்ணலாம்"னான். அந்தப் பெட்டியை இன்னும் பிரிக்கல. ஸ்டாக் லிஸ்ட்ல அது ஒண்ணுக்கு மட்டும் என் மனைவி விலக்கு கொடுத்திருக்காங்க.

இந்த வாரம் உங்க அலமாரியைத் திறந்து ஒரு தடவை எண்ணிப் பாருங்க. கிட்டா இருக்கணும்னு இல்லை, ஷூவா இருக்கலாம், கேமரா லென்ஸா இருக்கலாம். எண்ணி முடிச்ச பிறகு வாங்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணுங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்!