நோயாளியின் கட்டிலருகே மூன்று பாடங்கள்



"எங்கள் காணிக்கை ஏழைகளின் மருந்துக்குப் போகட்டும், படித்து முடித்த டாக்டர்களுக்கு மேலும் பயிற்சி எதற்கு?" என்று நம் சபையார் சிலர் கேட்டதுண்டு. நியாயமான கேள்விதான். தொற்றுநோய் மருத்துவத்தில் சிறப்புப் பயிற்சி பெறும் இளம் டாக்டர்கள், தாங்கள் படித்த பெரிய நகரத்தை விட்டு வேறொரு தேசத்திற்கோ கிராமத்திற்கோ சென்று சில வாரங்கள் அங்கே கற்கிறார்கள். அங்கே அவர்கள் கற்பது என்ன?

1. தேடிப் பார்த்தல்

ஒரு வாரமாகக் காய்ச்சல் விடாத ஒரு தாயார் வார்டில் படுத்திருந்தார். மலேரியா இல்லை, டைபாய்டும் இல்லை. வெளியூரிலிருந்து பயிற்சிக்கு வந்த டாக்டர் திகைத்து நின்றார். மூத்த சிஸ்டர் ஒருவர், "அம்மா, புல் அறுக்கப் போனீர்களா?" என்று கேட்டு, திரையை இழுத்துவிட்டு, சேலைக் கட்டின் கீழே பார்த்தார். பீடி சுட்டதுபோல் ஒரு கறுத்த பொருக்கு இருந்தது. அதுதான் உண்ணிக்காய்ச்சல், அதாவது ஸ்க்ரப் டைஃபஸ். புதர்களில் வாழும் மிகச் சிறிய பூச்சியின் கடியால் வருவது. கடித்த இடம் வலிக்காது. ஆகவே நோயாளியும் சொல்லமாட்டார். கவனியாமல் விட்டால் நுரையீரலையும் மூளையையும் தாக்கி உயிரையே பறிக்கும். கண்டுகொண்டால் டாக்சிசைக்ளின் என்னும் விலை குறைந்த மாத்திரை போதும். இரண்டு நாளில் அந்தத் தாயாரின் காய்ச்சல் தணிந்தது.

2. தொடுதல்

டாக்டர் பால் பிராண்ட் லண்டனில் பயின்ற அறுவை மருத்துவர். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் இல்லத்தில் ஒரு நோயாளியின் மடங்கிய கையைப் பிடித்தபோது, அந்தக் கை தம் கையை இறுக்கிய பலத்தைக் கண்டு வியந்தார். அந்தத் தசைகள் சாகவில்லை என்றால், கையைச் சீராக்கவும் முடியும் அல்லவா? 1948 முதல் அத்தகைய கைகளுக்கு அறுவை செய்யத் தொடங்கினார். விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி உணர்வு அற்றுப்போனதால் காயப்பட்டுத் தேய்கின்றன என்பதையும் நோயாளிகளிடமே கற்றார். பிற்பாடு அமெரிக்காவில் நீரிழிவால் உணர்வற்றுப்போன பாதங்களைக் காக்க இந்த அறிவே உதவிற்று. இங்குள்ள ஏழைகள் கற்பித்தது அங்குள்ளவர்களுக்கு நன்மையாயிற்று.

3. வீட்டை அறிதல்

ஒரு காலத்தில் காசநோயாளியைச் சானடோரியத்தில் மாதக்கணக்கில் வைத்தால்தான் குணமாகும் என்று நம்பினார்கள். 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆய்வில், ஒரு பகுதியினருக்கு அவரவர் வீட்டிலேயே மாத்திரை கொடுத்தார்கள். நெருக்கடியான வீடுகள், எளிய உணவு. ஊழியர்கள் வீடு தேடிச் சென்று, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று பார்த்தார்கள். 1959-ல் வெளிவந்த முடிவு, வீட்டுச் சிகிச்சையும் சானடோரியத்துக்கு இணையாகவே பலன் தந்தது என்று காட்டியது. உலகமே காசநோய்ச் சிகிச்சையின் வழியை மாற்றிக்கொண்டது. நோயாளி எங்கே தூங்குகிறார், யாரோடு உண்கிறார், கூலியை விட்டு எப்படி மருத்துவமனைக்கு வருவார் என்று கேட்கத் தெரியாத டாக்டரின் மருந்துச் சீட்டு பாதி வழியில் நின்றுவிடும்.

அன்பானவர்களே, இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. பார்த்துவிட்டு, எழுதிக்கொண்டு, புறப்பட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கற்பித்த சிஸ்டர்களின் நேரம் நோயாளிகளிடமிருந்து எடுக்கப்பட்ட நேரம். ஆகையால் வருகிறவர் தம்மிடமுள்ள ஒன்றை இங்கே கற்பித்துச் செல்லவேண்டும். நம் டாக்டர்களும் சிஸ்டர்களும் அங்கே சென்று கற்று வர வாய்ப்புப் பெறவேண்டும். இருபுறமும் நடக்காத பயிற்சியை உங்கள் காணிக்கையால் தாங்கும்படி நாம் கேட்கமாட்டோம்.

மருந்து அலமாரியில் இருந்தது. நோயைக் கண்ட கண் இல்லாவிட்டால் அது அலமாரியிலேயே இருந்திருக்கும். நீங்கள் கேட்ட கேள்விக்கு நாம் தரக்கூடிய பதில் இதுவே.

சிந்திக்க:
நம் ஆண்டவர் தொழுநோயாளியைத் தூர நின்று அல்ல, தொட்டே சுகமாக்கினார். நாம் யாரைத் தூர நின்று மட்டும் பார்க்கிறோம்?

ஜெபிக்க:
பயிற்சி பெறும் டாக்டர்களுக்காகவும், பெயர் வெளியே தெரியாமல் அவர்களுக்குக் கற்பிக்கும் சிஸ்டர்களுக்காகவும், நோயாளிகளுக்காகவும்.