பிரஜாவுரிமையும் நம்ம வீட்டு டிரங்குப் பெட்டியும்



"பொறந்தது இங்க, வளர்ந்தது இங்க, அப்புறம் எதுக்குத் துண்டு?" என்று கேட்பவர்கள் இன்னும் நம் லயங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பாடம்.

1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நம்மவர்களில் பெரும்பாலானோர் நாடற்றவர்களானார்கள். 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் வந்தது. விண்ணப்பிக்க இரண்டே ஆண்டுகள். 1951 ஆகஸ்ட் 5ஆம் திகதியோடு சரி. நிபந்தனைகளில் முக்கியமானது வதிவிடம்:

1. கலியாணம் ஆனவர், 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன் 7 வருடம் விடாமல் இலங்கையில் இருந்திருக்க வேண்டும்.
2. கலியாணம் ஆகாதவர் 10 வருடம்.
3. அதன் பிறகும் விண்ணப்பிக்கும் நாள்வரை விடாமல் இருந்திருக்க வேண்டும்.
4. ஒரே தடவையில் 12 மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் தங்கினால் தொடர்ச்சி அறுந்துவிடும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். கந்தப்பளைப் பக்கம் 1930இலிருந்து கொழுந்து மலையில் வேலை செய்த ஒரு குடும்பஸ்தர். தாய்க்குச் சுகமில்லை என்று 1941இல் ஊருக்குப் போகிறார். திரும்பி வர 14 மாதம் ஆகிவிட்டது. முன்னே உழைத்த 11 வருடமும் கணக்கில் சேராது. திரும்பி வந்த நாளிலிருந்து 1946 வரை 4 வருடம்கூட முழுசா இல்லை. பத்து மாதத்தில் திரும்பியிருந்தால் இந்த நிபந்தனையில் தவறியிருக்க மாட்டார்.

சரி, விடாமல் இருந்தவருக்காவது கிடைத்ததா? இருந்ததைக் காட்ட வேண்டுமே! செக்ரோலில் பெயர், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், பள்ளிக்கூட இடாப்பு, இவைதான் சாட்சி. தோட்டம் மாறியவருக்குப் பழைய செக்ரோலைத் தேடிப் பிடிப்பது லேசான காரியமா? சுமார் 8 லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது ஏறக்குறைய 1,34,000 பேருக்குத்தான்.

பிறகு 1964 அக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். எத்தனை குடும்பங்கள் அண்ணன் ஒரு நாடு, தம்பி ஒரு நாடு என்று பிரிந்தன!

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் அதே திகதியை நமக்குச் சாதகமாக வைத்தது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வதிகிற இந்திய வம்சாவளியினரும், அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகளும் பிரஜாவுரிமைக்கு உரித்தானார்கள். அரை நூற்றாண்டுக்கு மேலான கஷ்டம் அப்படி முடிந்தது.

முடிந்ததே, இனி என்ன என்று இருந்துவிடாதீர்கள். இன்றும் பிள்ளையின் பிரஜாவுரிமை தாய் தகப்பன் வழியாகத்தான் வருகிறது. அந்த உறவைக் காட்டுவது பிறப்புப் பத்திரம்.

செய்ய வேண்டியவை:

• பிள்ளை பிறந்து 42 நாளுக்குள் பிறப்பைப் பதியுங்கள்.
• பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, கலியாணப் பத்திரம் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் "ராமாயி", இன்னொன்றில் "ராமாய்" என்றிருந்தால் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.
• தாத்தா பாட்டியின் பிரஜாவுரிமைச் சான்றிதழ் பழசு என்று எறியாதீர்கள். பிரதி எடுத்து, அசலைப் பெட்டியில் பத்திரப்படுத்துங்கள்.

இன்று இரவு பிள்ளைகளை உட்கார வைத்துக் கேளுங்கள்: நம்ம தாத்தா எந்த வருடம் பதிவானார்? அந்தத் துண்டு இப்ப எங்க இருக்கு?

பதில் தெரியாவிட்டால், நாளைக்கே பெட்டியைத் திறந்து பாருங்கள்.