கஞ்சா மகாலில் எழுந்த கூட்டுறவுச் சங்கம்

கூட்டுறவு வரலாற்றைப் பயிலுங்கால் கடன் சங்கம், நெசவாளர் சங்கம், பால் சங்கம் ஆகியவற்றையே நாம் பெரிதும் எடுத்துக்கொள்கிறோம். இம்மாதப் பாடத்திற்கு அங்கத்தினர் பலரும் எதிர்பாராத ஒரு பயிரை எடுத்துக்கொள்வோம். வங்காளத்தில் கஞ்சா பயிரிட்ட குடியானவர்களுக்கென 1917-ஆம் ஆண்டில் ஒரு கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. அதன் எழுச்சியிலும் தளர்ச்சியிலும் நமக்குப் பாடம் உண்டு.

முதலில் செடியைப் பற்றிச் சில சொற்கள். இச்செடியை நெருக்கமாக விதைத்தால் கிளை விடாமல் உயர்ந்து, கயிற்றுக்கும் முரட்டுத் துணிக்கும் ஏற்ற நாரைத் தருகிறது. இடைவெளி விட்டு நட்டால் கிளைத்துப் பூக்கிறது. ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடியின் பூங்கொத்தில் ஊறும் பிசினே கஞ்சாவின் சாரம். ஆண் செடியின் மகரந்தம் பட்டுவிட்டாலோ பூ விதையாகிச் சரக்கின் தரம் கெடும்.

ராஜ்ஷாஹி, தினாஜ்பூர், போக்ரா ஆகிய மூன்று ஜில்லாக்கள் கூடும் இடத்தில், நவோகாவ்ன் என்னும் ஊரைச் சுற்றிய பகுதிக்குக் ‘கஞ்சா மகால்’ என்று பெயர். இன்று அது வங்காள தேசத்தில் உள்ளது. அங்கு நடந்த சாகுபடியையும் வாணிபத்தையும் ஆராய்ந்து ஹேம் சந்திர கேர் என்பவர் 1877-இல் அறிக்கை எழுதினார். 1893-இல் அமைக்கப்பட்ட இந்திய ஆணைக்குழு ஆயிரத்துக்கு மேற்பட்ட சாட்சிகளை விசாரித்தது. முழுத் தடை வேண்டியதில்லை, கட்டுப்பாடும் வரியும் போதும் என்று 1894-இல் அது முடிவு கூறியது.

தண்ணீர் தேங்காத மேட்டு நிலத்தில் சாணமும் பிண்ணாக்கும் இட்டு, ஆகஸ்டில் நாற்றுவிட்டு, செப்டம்பரில் நடுவார்கள். செடி பூக்கத் தொடங்கும் முன் ‘பொத்தார்’ எனப்படும் நிபுணர் வயலில் இறங்கி, ஆண் செடிகளை இனங்கண்டு களைவார். பிப்ரவரி, மார்ச்சில் அறுவடை. மகரந்தத்தைக் கொண்டு செல்லும் காற்றுக்கு வரப்பு ஏது? ஒருவன் தன் வயலில் ஆண் செடிகளை விட்டுவைத்தால் அண்டை வயல்காரனின் உழைப்பும் வீணாகும். ஆகவே ஒருவரையொருவர் சார்ந்து நிற்கும் நிலை இப்பயிரிலேயே அமைந்திருந்தது.

ஆயினும் விற்பனையில் அந்த ஒற்றுமை இல்லை. அனுமதிச் சீட்டின்றிப் பயிரிட இயலாது. அனுமதி பெற்ற வியாபாரிக்கன்றி விற்கவும் இயலாது. சர்க்காருக்குச் சென்ற வரியோ உழவன் பெற்ற விலையைவிட மிகுதி. தனித்து நின்ற உழவன், வியாபாரியும் தரகரும் சொன்ன விலைக்கே இணங்க நேர்ந்தது.

இந்நிலையை மாற்ற வந்ததே 1917-ஆம் ஆண்டுச் சங்கம். அங்கத்தினரின் விளைச்சல் முழுவதையும் சங்கமே ஏற்று, சேமித்து, விற்றுத் தந்தது. இடையில் நின்றோர் எடுத்த லாபம் சங்கத்தின் நிதியாயிற்று. அந்நிதியிலிருந்து பள்ளிகளுக்கும் மருத்துவ நிலையங்களுக்கும் பாதைகளுக்கும் பணம் சென்றது. பயிர் எதுவாயினும், கூடி விற்பதன் வலிமை இதனால் விளங்கும்.

எனினும் சங்கத்தின் செல்வம் ஒரே சரக்கையும் ஒரே அனுமதியையும் பற்றி நின்றது. போதைப் பொருள்களைப் பற்றிய 1961-ஆம் ஆண்டு உலக ஒப்பந்தம், மருத்துவத்துக்கல்லாத கஞ்சாப் பயன்பாட்டை நிறுத்த இருபத்தைந்து ஆண்டு வரை தவணை அளித்தது. 1980-களில் வங்காள தேசம் சாகுபடியை நிறுத்தியது. இந்தியாவிலும் 1985-ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதியற்ற சாகுபடியைக் குற்றமாக்கியது. மக்களின் நலம் கருதிச் சட்டம் மாறுவது இயல்பே. ஆனால் அம்மாற்றத்தின் சுமை, வேறு பயிரோ தொழிலோ தேடி வைக்காத சங்கத்தின் மேல் முழுவதும் இறங்கிவிடுகிறது.

நம் சங்கங்களும் இதை எண்ணிப் பார்த்தல் நன்று. ஒரே ரகத் துணியையும் ஒரே கொள்முதல்காரரையும் நம்பும் நெசவாளர் சங்கமும், ஒரே பயிரை நம்பும் விளைவிப்போர் சங்கமும் இதே நிலையில்தான் உள்ளன. லாபம் வரும் ஆண்டுகளிலேயே ஒதுக்கு நிதியைப் பெருக்கி, இரண்டாவது சரக்கையும் இரண்டாவது சந்தையையும் தேட வேண்டும். அடுத்த பொதுக்குழுவில் வரவு செலவு படிக்கப்படும்போது, நம் விற்பனையில் எத்தனை பங்கு ஒரே இடத்திற்குச் செல்கிறது என்று ஒவ்வோர் அங்கத்தினரும் கேட்பாராக.