120 ரோல்: கேமராவைவிடக் கழுவுவதுதான் பாடு

மீடியம் ஃபார்மட் என்றதும் ஹாஸல்பிளாட், ரோலைஃப்ளெக்ஸ் விலையைக் கேட்டுவிட்டு ஆசையை மூட்டை கட்டி வைத்துவிடுகிறவர்கள் அதிகம். ஹாஸல்பிளாடில் போடுகிற அதே 120 ரோலைத்தான் ரஷ்ய லூபிடெலிலும் போடுகிறோம். 6×6 நெகட்டிவ் இரண்டிலும் ஒரே அளவு, 35 மி.மீ. ஃபிரேமைப்போல மூன்றரை மடங்குக்கும் அதிகமான பரப்பு. லென்ஸில் வித்தியாசம் உண்டு, மறுக்கவில்லை. அது முதல் ரோலுக்குக் கவலைப்பட வேண்டிய விஷயம் இல்லை.

புதியவர்கள் மாதக்கணக்கில் கேமரா தேடிவிட்டு, கடைசியில் ஃபிலிமைக் கழுவும் டேங்கின் ரீலில் ஏற்றத் தெரியாமல் ஐந்தே நிமிடத்தில் தோற்றுப்போகிறார்கள். அதனால் கேமரா விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

முதலில் வீட்டுப் பரணைப் பாருங்கள். இந்தியாவிலேயே தயாராகிப் பல வீடுகளில் புழங்கிய அக்ஃபா கிளிக்-3 கிடைத்தால் செலவே இல்லை. அதுவும் 120 ரோல், 12 படம். வாங்குவதாக இருந்தால் லூபிடெல் 166பி. கூடுதலாகப் பணம் இருந்தால் யாஷிகா மேட். ஹோல்கா கேமராவின் மங்கல் சிலருக்கு அழகாகத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை. 620 என்று போட்ட பழைய கோடக் கேமராக்கள் பக்கமே போகாதீர்கள்: ஃபிலிம் அகலம் ஒன்றுதான், ஆனால் ஸ்பூல் வேறு, 120 ரோல் அப்படியே உட்காராது. மடக்கு கேமரா என்றால் இருட்டறையில் பெல்லோஸுக்குள் டார்ச் அடித்து, மூலைகளில் ஊசிமுனை வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். உள்ளே ஒரு காலி ஸ்பூல் இருக்கிறதா என்றும் பாருங்கள்; அது இல்லாமல் ரோல் போட முடியாது.

லூபிடெல் வாங்குகிறவர்களுக்கு ஒரு சோதனை. மேல் லென்ஸும் கீழ் லென்ஸும் பல்சக்கரத்தால் இணைந்தவை. எவராவது கழற்றித் துடைத்துத் தப்பாக மாட்டியிருந்தால் மேலே தெளிவாகத் தெரிவது ஃபிலிமில் மங்கலாக விழும். பின்கதவைத் திறந்து, ஃபிலிம் படியும் இடத்தில் மங்கலான வெள்ளை டேப்பை இறுக்கி ஒட்டி, ஷட்டரை ‘பி’யில் திறந்து வைத்து, தூரத்தில் ஒரு செல்போன் கோபுரத்தைப் பாருங்கள். டேப்பில் கோபுரக் கம்பிகள் கூர்மையாக விழும்போது மேலேயும் கூர்மையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், அல்லது கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

ஃபிலிம், கறுப்பு வெள்ளைதான். ஃபோமாபான் 100, கென்ட்மியர் 400 இரண்டும் பொதுவாக விலை குறைந்தவை. லூபிடெலின் அதிகபட்ச வேகம் 1/250 நொடி. நம் ஊர் வெயிலுக்கு 100 போதும். ஊட்டி இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த ‘இந்து’ ரோல் எங்கேயாவது கிடைத்தால் அலமாரியில் வையுங்கள். அத்தனை வருட வெப்பத்தில் கிடந்த ஃபிலிமில் முதல் படங்களை எடுக்க வேண்டாம். ஃபிரிட்ஜில் வைத்த ரோலை வெளியே எடுத்ததும் உறையைப் பிரிக்காதீர்கள், ஓரிரு மணி நேரம் போகட்டும். சென்னைக் காற்றில் உடனே வியர்த்துவிடும்.

வெளிச்ச மானி வேண்டாம். நல்ல வெயிலில் எஃப் 16, ஃபிலிம் வேகத்துக்கு அருகிலுள்ள ஷட்டர் வேகம்: 100 ஃபிலிமுக்கு 1/125. மேகம் என்றால் எஃப் 8, மர நிழல் என்றால் எஃப் 5.6. சந்தேகம் வந்தால் ஒரு படி அதிகமாகவே கொடுங்கள். கறுப்பு வெள்ளை நெகட்டிவ் அதிக வெளிச்சத்தைப் பொறுத்துக்கொள்ளும், குறைவைப் பொறுக்காது.

ரோலை நிழலில் போடுங்கள். பின்னால் இருக்கும் சிவப்பு ஜன்னல், சிவப்பொளி உறைக்காத பழைய ஃபிலிம்களுக்கு ஏற்பட்டது. இன்றைய ஃபிலிமுக்குச் சிவப்பும் வெளிச்சம்தான். அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டி, சுற்றும்போது மட்டும் விலக்கி எண்ணைப் பாருங்கள். லூபிடெலில் ஃபிலிம் சுற்றுவதும் ஷட்டரை ஏற்றுவதும் தனித்தனி வேலை, ஒரே ஃபிரேமில் இரண்டு படம் விழ வாய்ப்பு அதிகம். எடுத்தவுடன் சுற்றிவிட வேண்டும் என்பது என் சட்டம், விலக்கு கிடையாது. 12 முடிந்ததும் காகிதம் முழுவதையும் சுற்றிவிட்டு, ரோல் தளராமல் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடி வெளியே எடுத்து ஒட்டுப்பட்டையை ஒட்டுங்கள். தளர்ந்த ரோலின் ஓரங்களில் வெளிச்சம் ஏறிவிடும்.

இனிதான் பாடு. 35 மி.மீ. ஃபிலிமைவிட 120 அகலமானது, மெல்லியது, ஓரத்தில் துளை கிடையாது. பிளாஸ்டிக் ரீலில் நேராக நுழையாமல் வளைந்து வழுக்கும். கேமராவுக்குள் ஒரு ரோலைப் போடுவதற்கு முன்பே இன்னொரு ரோலைப் பலிகொடுத்துவிடுங்கள், காலாவதியானது போதும். பகல் வெளிச்சத்தில் அதைப் பிரித்து, பார்த்துக்கொண்டே ரீலில் ஏற்றுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, பிறகு இருட்டில். இந்தப் பயிற்சியை ‘தேவையில்லை’ என்கிறவர்களுடன் நான் வாதாடுவதில்லை; அவர்கள் எடுத்த முதல் ரோல் வாதாடிக்கொள்ளும்.

ரீல் எலும்பு போலக் காய்ந்திருக்க வேண்டும். நேற்றுக் கழுவியது இன்று காய்ந்திருக்கும் என்று நம்பாதீர்கள், ஹேர் டிரையரைக் காட்டுங்கள். சேஞ்சிங் பேக் என்கிற கறுப்புப் பைக்குள் கையை விட்டால் பத்து நிமிடத்தில் கை வியர்த்து ஃபிலிம் ரீலில் ஒட்டிக்கொள்ளும். இரவில் ஜன்னலை அடைத்த, அன்று யாரும் குளிக்காத குளியலறை அதைவிட மேல்.

விளக்கை அணைத்துக் காகிதத்தைப் பிரித்துக்கொண்டே போனால் ஃபிலிமின் ஒட்டாத முனை கைக்கு வரும். பலர் அதையே ரீலில் செருகத் தொடங்குகிறார்கள். அது சுருளும், மடங்கும். நான் அதைத் தொடுவதில்லை. ஃபிலிமைத் தன்போக்கில் சுருள விட்டுக் காகிதத்தை மேலும் பிரித்தால், மறுமுனையில் அது டேப்பால் காகிதத்தோடு ஒட்டியிருக்கும். டேப்பைக் காகிதத்திலிருந்து மெதுவாக உரியுங்கள்; வெடுக்கென்று இழுத்தால் இருட்டில் நீல மினுக்கம் தெரியும். உரித்த டேப்பை ஃபிலிமின் பின்பக்கம் மடித்து ஒட்டினால் முனை விறைப்பாகிவிடும். அந்த விறைத்த முனையை ரீலின் இரு காதுகளுக்கு அடியிலும் நுழைத்து, சின்ன உருண்டைகளைத் தாண்டும்வரை இழுத்துவிட்டு, ரீலின் இரு பாதிகளையும் முன்னும் பின்னும் திருப்புங்கள்.

நடுவில் நின்றுவிட்டால் தள்ளாதீர்கள். ஒரு பக்க ஓரம் பள்ளத்தை விட்டு ஏறியிருக்கிறது என்று அர்த்தம். ரீலின் பாதிகளைக் கழற்றி ஃபிலிமை விடுவித்து மறுபடி தொடங்குங்கள். முறுக்கித் தள்ளினால் பிறைநிலா வடிவத்தில் தழும்பு விழும், அதை எதனாலும் அழிக்க முடியாது. பொறுமை போய்விட்டதா? ஃபிலிமை டேங்கில் போட்டு, நடுத்தண்டையும் வைத்து மூடிவிட்டு வெளியே போய்க் காபி குடித்துவிட்டு வாருங்கள். நடுத்தண்டை மறந்தால் மூடி இருந்தும் வெளிச்சம் உள்ளே போகும்.

கழுவுவது இதற்குப் பிறகு சமையல்போல எளிது. டேங்கில் 120-க்கு 500 மில்லி வேண்டும். டி-76 டெவலப்பரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தால் உதாரணமாக எச்.பி.5 ஃபிலிமுக்கு 20 டிகிரியில் 11 நிமிடம். சித்திரை மாதக் குழாய்த் தண்ணீர் 20 டிகிரியாக இருக்காது. மருந்து பாட்டில்களையும் கழுவும் தண்ணீரையும் ஒரே ஐஸ் தொட்டியில் வைத்து எல்லாவற்றையும் 24-க்குக் கொண்டுவந்து, நேரத்தை எட்டு நிமிடத்துக்குள் குறைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் கழுவல் சீராக வராது. டெவலப்பர் குளிர்ந்தும் பிறகு ஊற்றும் ஃபிக்ஸர் சூடாகவும் இருக்கக் கூடாது. ஃபிக்ஸர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, பலிகொடுத்த ரோலிலிருந்து ஒரு துண்டை அதில் போட்டுக் கண்ணாடிபோல் ஆக எத்தனை நேரம் பிடிக்கிறது என்று பாருங்கள். அதன் இரு மடங்கு நேரம் உங்கள் ரோலுக்கு.

காய வைக்க மின்விசிறி வேண்டாம், தூசி ஒட்டும்.

ஸ்கேனர் வாங்க ஓடாதீர்கள். டேப்லெட்டில் வெறும் வெள்ளைத் திரையை வைத்து, மேலே நெகட்டிவைப் பிடித்து மொபைலில் எடுத்தாலே முதலில் பார்த்துக்கொள்ளப் போதும். நெகட்டிவைத் திரையில் படிய வைத்தால் திரையின் புள்ளிகள் படத்தில் விழும். இரண்டு விரற்கடை உயரத்தில் நிறுத்தி, இடையில் பால்நிற அக்ரிலிக் துண்டு ஒன்றை வைத்தால் போய்விடும். சைன்போர்டு செய்யும் கடைகளில் கழிவுத் துண்டாகவே கேட்கலாம்.