மண்ணெண்ணெய் வேண்டாம்

கேள்வி: தரம் 2 படிக்கும் மகளுக்குப் பேன் போகவே மாட்டேன் என்கிறது. மண்ணெண்ணெய் தடவச் சொல்கிறார் மாமியார். இல்லை, மொட்டை போட்டுவிடவா?
— ஒரு தாய், எல்ல

பதில்: இரண்டும் வேண்டாம், தங்கச்சி. மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கும். விறகடுப்புப் பக்கம் போனால் தலையே பற்றிக்கொள்ளும். பேன் அழுக்கால் வருவதில்லை, அதற்குத் தாவவும் தெரியாது. தலையோடு தலை ஒட்டும்போது ஊர்ந்து ஏறும். லயத்து அறையில் ஒரே பாயில் நாலு பேர் படுத்தால் கேட்கவா வேண்டும்!

தலையை நனைத்து, கண்டிஷனரைத் தாராளமாகப் பூசுங்கள். கொழுந்தெடுத்து வந்த களைப்பு இருக்கும்தான். ஆனாலும் வெளிச்சம் போவதற்குள் உட்கார்ந்துவிடுங்கள். காதுக்குப் பின்னால், பிடரியில்தான் ஈர் அதிகம். பேன்சீப்பை மயிர்க்காலிலிருந்து நுனிவரை இழுத்து, ஒவ்வொரு இழுப்பையும் வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். 3 நாளுக்கு ஒருமுறை, 2 வாரம். ஈர் பொரிக்க 7 முதல் 10 நாள் ஆகும். நடுவில் விட்டால் பழைய கதைதான்.

பார்மசியில் 1 சதவீத பர்மெத்ரின் லோஷன் கிடைத்தால், 10 நிமிடம் வைத்துக் கழுவி, 9ஆம் நாள் திரும்பப் போடலாம். வீட்டில் எல்லாருடைய தலையையும் அன்றைக்கே பாருங்கள், மாமியார் தலையையும்தான். பள்ளிக்கூடத்துக்கு இறுக்கப் பின்னி அனுப்புங்கள். சொறிந்து சீழ் வைத்திருந்தால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள்.